தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே நடுங்குகிறது: வேலையில்லாத காலத்தில் கடனை எப்படிச் சமாளிப்பது?

கேட்டவர்: எட்டாம் மாதம்

அனைவருக்கும் வணக்கம். ஒரே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். நான் வீட்டில் இருக்கும் எட்டாம் மாதம் இது. கணக்குத் தீர்த்துக் கொடுத்த தொகை நான்கு மாதத் தவணைகளோடு கரைந்துபோயிற்று. என் மனைவி பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் வேலைக்குச் செல்கிறார். அந்த வருமானம் வீட்டுக் கடன் தவணைக்குச் சரியாகப் போய்விடுவதால், மளிகை முதல் மருந்து வரை எல்லாம் கடன் அட்டையில்தான் ஓடுகின்றன.

கடன்களைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன் ஒன்று, கார்க் கடன் ஒன்று, என் மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட தனிநபர் கடன் ஒன்று, கடன் அட்டைகள் இரண்டு. இரண்டாவது அட்டை இருப்பது என் மனைவிக்குத் தெரியாது. அதன் கணக்கு அறிக்கைகளைப் பழைய அலுவலகப் பையின் உள்ளறையில் மடித்து வைத்திருக்கிறேன்; கடைசியாக வந்த இரண்டு உறைகளை நான் பிரிக்கவேயில்லை.

இங்கே எழுதத் தூண்டியது சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது. காலையில் தெரியாத எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. வசூல்காரர்கள் என்று நினைத்து கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மாலையில் மின்னஞ்சல் வந்தது: ‘தங்களைத் தொடர்புகொள்ள இயலாததால் நேர்காணல் நேரத்தை வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டோம்.’ இரண்டு மாதங்களாக நான் காத்திருந்த அழைப்பு அது.

எந்தக் கடனை முதலில் கட்டுவது? எல்லாவற்றையும் அடைத்து ஒரே கடனாக மாற்றித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார், அதை நம்பலாமா? ஒரு கிடங்கில் பாதிச் சம்பளத்துக்கு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. ஏற்றுக்கொண்டால் என் துறைக்குத் திரும்பவே முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: வசூல் மேசையிலிருந்து வந்தவன்

ஐயா, ஒன்பது ஆண்டுகள் நான் அந்த எதிர்முனையில் உட்கார்ந்து அழைத்துக்கொண்டிருந்தவன். அதனால் முதலில் கைப்பேசியைப் பற்றியே சொல்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணும் கடன் கொடுத்தவர்கள் அழைக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது. விண்ணப்பங்களுக்கென்று புதிய எண் ஒன்று வாங்கி, அதை வேறு யாருக்கும் கொடுக்காமல், அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை உடனே எடுங்கள். பழைய எண்ணை அணைத்துப் போட்டுவிடவும் கூடாது. ‘வாரத்தில் இன்ன இரண்டு நாள், காலை பத்து முதல் பதினொன்று வரை பேசத் தயாராக இருக்கிறேன், மற்றவற்றை எழுத்தில் அனுப்புங்கள்’ என்று கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். எல்லாரும் அதை மதிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுக்காத எண்ணுக்குத்தான் அதிகம் அழைப்போம். இன்ன நாளில் பேசுகிறேன் என்று சொல்லிப் பேசியவரின் கோப்பு பட்டியலில் கீழே இறங்கிவிடும். எங்கள் வேலையே அப்படித்தான் அமைந்திருந்தது.

அடுத்தது காலம். தவணை தவறுவதற்கு முன்னால் வந்து ‘வேலை போய்விட்டது’ என்று சொல்பவருக்கும், தவறிப் பல மாதம் கழித்துப் பிடிபடுபவருக்கும் கிடைக்கும் சலுகைகள் ஒன்றல்ல. வங்கிகளுக்கான ‘பாசல்’ என்னும் பன்னாட்டு விதிமுறைகளில் 90 நாள் நிலுவை என்பது ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் பொதுவாக அந்தக் கடன் வாராக்கடன் வரிசைக்குப் போய்விடும். அதன் பிறகு உங்களோடு பேசுகிறவரின் கையில் சலுகை கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அதற்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள்: சில மாதங்களுக்கு வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடு, தவணைக் காலத்தை நீட்டிப்பது, தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது.

காலத்தை நீட்டித்தால் நீங்கள் கொடுக்கப்போகும் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் இன்னும் 100 பங்கு கடன் பாக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 5 பங்கு. மொத்த வட்டி 20 பங்குக்குச் சற்றுக் குறைவு. அதையே 48 மாதமாக்கினால் தவணை 3 பங்குக்கும் கீழே இறங்கும், மொத்த வட்டி மட்டும் 41 பங்காக ஏறிவிடும். மூச்சு விட இடம் வேண்டும் என்றால் இதற்கு ஒப்புக்கொள்ளலாம். வேலை கிடைத்தவுடன் முன்கூட்டியே அடைக்க அபராதம் உண்டா என்று மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனரிடம் இன்றே பேசிவிடுங்கள். நீங்கள் கட்டத் தவறினால் நிறுவனம் அடுத்துத் தட்டுவது அவர் கதவைத்தான். அந்தச் செய்தி எங்களைப் போன்றவர்கள் வாயிலிருந்து அவருக்குப் போய்ச் சேர்ந்தால் உறவு என்ன ஆகும் என்பதைப் பலமுறை தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.

பதில் 2: வட்டிக்கணக்கு

எந்தக் கடனை முதலில் கட்டுவது என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்வார்கள். வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பது ஒன்று. சிறிய கடனை முதலில் அடைத்தால் மனத்துக்குத் தெம்பு வரும் என்பது இன்னொன்று. இரண்டுமே மாதச் சம்பளம் வந்துகொண்டிருப்பவருக்குச் சொல்லும் விடைகள். வருமானம் நின்றுபோனவர், எதைக் கட்டாவிட்டால் எதை இழப்போம் என்ற வரிசையில்தான் போக வேண்டும். உணவு, மருந்து, மின்சாரம், கைப்பேசி, இணையம் ஆகியவை முதலில். இணையத்தை ஆடம்பரம் என்று துண்டித்துவிடாதீர்கள், உங்கள் வேலைதேடல் அதன்மேல்தான் நிற்கிறது. அடுத்தது குடியிருக்கும் வீடு. அதற்கடுத்தது இன்னொருவரைச் சிக்கவைக்கும் ஜாமீன் கடன். அடமானம் ஏதும் இல்லாத கடன் அட்டை, வட்டி எவ்வளவு அதிகமாக இருந்தாலும், இந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

இப்போது உங்கள் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். வட்டி மிகக் குறைவாக இருக்கக்கூடிய வீட்டுக் கடனுக்கு ரொக்கம் முழுவதும் போகிறது. வட்டி மிக அதிகமான அட்டையில் சாப்பாட்டுச் செலவு ஏறுகிறது. இதைத் தலைகீழாக்க வேண்டும். வீட்டுக் கடன் கொடுத்தவரிடம் முறைப்படி எழுதிக் கேட்டு, அவர் ஒப்புதலோடு சில மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் ரொக்கத்தில் அன்றாடச் செலவைப் பாருங்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் அந்தத் தவணையை ஒரு மாதம்கூட நிறுத்திவிடாதீர்கள். அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து எங்கேனும் உள்ளே வைத்துவிடுங்கள்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கட்டும் ஐந்தில் ஏறத்தாழ மூன்று வட்டிக்கே போய்விடும். புதிதாக எதுவும் வாங்காமல் இப்படிக் கட்டிவந்தாலும் கடன் பாதியாவதற்கு ஏறத்தாழ 32 மாதம் ஆகும். எதுவுமே கட்டாவிட்டால், அபராதங்களைச் சேர்க்காமலேயே, 24 மாதத்தில் இரட்டிப்பாகிவிடும்.

முகவர் சொல்லும் ‘ஒரே கடன்’ விஷயத்தில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வட்டி போடுவது மாதாமாதம் குறைந்துவரும் நிலுவைக்கா, தொடக்கத் தொகை முழுவதற்குமா? ஓராண்டுக் கடனுக்கு 12 சதவீதம் ‘நிலையான வட்டி’ என்பார்கள், அதாவது தொடக்கத் தொகை முழுவதற்கும் வட்டி. மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருவதால், அது உண்மையில் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேலான வட்டி. முன்பணம் கட்டினால்தான் கோப்பு நகரும் என்று அவர் சொன்னால், பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று வைப்புத்தொகை கேட்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். கையில் காசில்லாதவரிடம்தான் இத்தகையவர்கள் அதிகம் வருகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விந்தை.

வீட்டையும் அடமானமாகச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே கடனாக்குவதற்கு நான் எதிரி. வெறும் அட்டைக் கடனாக இருந்ததை உங்கள் கூரையோடு கட்டிவிடுகிறீர்கள் என்று பொருள்.

பதில் 3: அந்தப் பக்கத்து மனைவி

சகோதரருக்கு வணக்கம். மேலே இருவரும் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பையின் உள்ளறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் கணவர் பதினான்கு மாதங்கள் வேலையில்லாமல் இருந்தபோது, இதேபோல் ஒரு கடனை மறைத்தார். அது தெரியவந்த நாளில் எனக்குத் தொகை பெரிதாகத் தோன்றவில்லை. அவருடைய சுமையைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு நான் மாதந்தோறும் போட்ட வரவுசெலவுக் கணக்கு முழுவதும் பொய்யான எண்களின்மேல் நின்றது என்பதுதான் சுட்டது. எதை விடலாம், எதை விற்கலாம் என்று நான் செய்த முடிவுகளெல்லாம் தவறிப்போயிருந்தன.

உங்கள் மனைவி கணக்கு எழுதுபவர் என்கிறீர்கள். வீட்டில் இந்த வேலைக்கு உங்களைவிடத் தகுதியானவர் அவர்தான். அவரிடமே பாதிப் பேரேட்டை மறைக்கிறீர்கள். பிரிக்காத அந்த இரண்டு உறைகளையும் அவர் முன்னால் வைத்துப் பிரியுங்கள். கோபப்படுவார்; படட்டும்.

இன்னொன்று. காரை ஓட்டி வேலை தேடுகிறீர்களா, அல்லது அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா? நாங்கள் எங்களுடையதை வைத்திருந்ததற்கு ஒரே காரணம், விற்றால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்பதுதான். கடன் கொடுத்தவரின் சம்மதத்தோடு நாமே விற்றால் கிடைக்கும் தொகை, அவர்கள் எடுத்துச் சென்று ஏலம் விட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விற்ற பிறகும் கடன் மிச்சமிருந்தால் அதை நாமே கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

பதில் 4: மறுபடி நுழைந்தவர்

கிடங்கு வேலையைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: வாரத்தில் ஒரு வேலைநாளின் காலையாவது நேர்காணலுக்குக் காலியாக இருக்க வேண்டும். அதற்கு இடம் தராத வேலை பாதிச் சம்பளம் தந்தாலும் உங்களை அங்கேயே கட்டிப்போட்டுவிடும். மற்றபடி, கொள்முதலில் பதினொரு ஆண்டு இருந்தவருக்குக் கிடங்கு அந்நியமான இடமா என்ன? சரக்கு உள்ளே வருவதும் இருப்புக் கணக்கும் உங்கள் மேசையின் மறுமுனைதானே. தன்விவரக் குறிப்பில் அதை அப்படியே எழுதலாம். எட்டு மாத வெற்றிடத்தைவிட நன்றாகவே இருக்கும்.

கடன் வந்த பிறகு பழைய சக ஊழியர்களைப் பார்ப்பதைத் தவிர்க்கிறீர்களா? நான் தவிர்த்தேன். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அறிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களைக் கேட்டு ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தத் தகவலைக் கொடுத்தவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் ஆறில் ஒருவர் மட்டுமே. மற்ற எல்லாரும் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர் வழியாகவே வேலை பெற்றிருந்தார்கள். நம் கூச்சம் நம்மை ஒளித்துவைப்பது சரியாக அந்த அரைகுறைப் பழக்கக்காரர்களிடமிருந்துதான். எனக்கு இன்றைய வேலையைச் சொன்னவர், முன்பு எங்களுக்கு அட்டைப்பெட்டி வழங்கிய நிறுவனத்தின் ஓட்டுநர். உங்களிடம் விலைப்புள்ளி கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து, நாளொன்றுக்கு இருவரை அழையுங்கள். கடனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேலை தேடுகிறேன் என்று சொன்னால் போதும்.

கேட்டவர்: எட்டாம் மாதம் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எல்லாருக்கும் நன்றி. புதிய எண் வாங்கிவிட்டேன். மைத்துனரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த தவணைத் தேதி என்ன என்று கேட்டார். வீட்டுக் கடனில் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்ட எழுத்தில் ஒப்புதல் வந்திருக்கிறது. காருக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம். முகவருக்குப் பதில் எழுதவில்லை. கிடங்கு வேலையில் வரும் திங்கட்கிழமை சேர்கிறேன், புதன்கிழமைக் காலைகள் எனக்கு.

மனைவியிடம் உறைகளைக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு எல்லாக் கடன் ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி, ஒரு பேனாவும் அளவுகோலும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். தனிநபர் கடன் கொடுத்த அன்றே ஒரு சிறு தொகை காப்பீட்டுக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். பத்திரத்தை வரவழைத்துப் படித்தால், விருப்பமின்றி வேலையிழந்தால் மூன்று தவணைகளை அந்தக் காப்பீடு ஏற்கும் என்றிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அது என் கையெழுத்துக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

சிக்கல் ஒன்று இருக்கிறது. பிரிவைக் கலைத்தபோது எங்கள் எல்லாரிடமும் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணிவிடுவிப்புச் சான்றிதழிலும் அப்படியே இருக்கிறது. காப்பீட்டுக்காரர்கள் இதைக் காட்டி மறுக்கக்கூடும் அல்லவா? என்ன செய்யலாம்?

பதில் 5: வசூல் மேசையிலிருந்து வந்தவன்

முதல் முறை மறுக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு, பிரிவு கலைக்கப்பட்டதால் பணி முடிவுக்கு வந்தது என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால், கலைப்பைப் பற்றி உங்களுக்கு வந்த சுற்றறிக்கை, மின்னஞ்சல், உங்களோடு ஒரே தேதியில் வெளியேறிய மற்றவர்களின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களைச் சேருங்கள். ஒரு பிரிவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் தாமாகவே ராஜினாமா செய்தார்கள் என்பதை நம்பச் சொல்வது காப்பீட்டுக்காரர்களுக்கும் கடினம். பத்திரத்தில் கோரிக்கைக்குக் காலக்கெடு எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது? இன்றிரவே அதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.