அயர்ன் வண்டிக் குறும்படம்: 64 ஷாட், 7 லொகேஷன், 2 நாள். முடியுமா?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருஷம் கேட்டது:

வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு குறும்படம் எடுக்கிறோம். ஸ்கிரிப்ட் 11 பக்கம். தெருவோரம் அயர்ன் வண்டி வைத்திருக்கும் ஒருவர், தேய்க்க வந்த சட்டைப் பையில் ஒரு கடிதத்தைப் பார்க்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் மகளிடம் கொடுக்கிறார். அவள் படித்துவிட்டு, அதில் இல்லாத எதையோ சொல்கிறாள். கதை அங்கிருந்து போகிறது.

லொகேஷன் ஏழு: மயிலாப்பூர் பக்கம் வண்டி நிற்கும் தெரு, அவர்கள் வீடு, அபார்ட்மெண்ட் வாசல், பறக்கும் ரயில், போஸ்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி வராண்டா, கடைசியில் விடியற்காலை மெரினா. ஷாட் லிஸ்ட் போட்டால் 64 வந்தது. நவம்பர் நடுவில் ஒரு சனி, ஞாயிறில் முடிக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரம் சப்மிஷன்.

நண்பனின் சோனி ஏ7, ஒரு 50 எம்எம் லென்ஸ், ஒரு கிட் லென்ஸ், இரண்டு எல்இடி பேனல் இருக்கிறது. கையில் 30,000 ரூபாய். நடிகர்களோடு சேர்த்து 14 பேர். டிரோன் ஷாட் ஒன்றாவது வேண்டும் என்று கேமராமேன் அடம் பிடிக்கிறான். இப்போது ஒவ்வொரு ஷாட்டையும் படமாக ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டிருக்கிறேன். அடுத்து என்ன செய்வது?

சாலிகிராமம் அசோசியேட்:

தம்பி, ஸ்டோரிபோர்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கணக்குப் போடுங்கள்.

காலை 6 முதல் மாலை 6 வரை ஒரு கால்ஷீட். நவம்பர் நடுவில் 5:40 வாக்கிலேயே சூரியன் போய்விடும். டிபன், சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். மிச்சம் பத்து மணி நேரம்தான். கேமரா வைத்து, லைட் பார்த்து, ஒரு ரிகர்சல், மூன்று நான்கு டேக் என்றால் ஷாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். நாளுக்கு 20 ஷாட். நீங்கள் வைத்திருப்பது நாளுக்கு 32. இதில் லொகேஷன் மாறுவதை நான் சேர்க்கவே இல்லை. சாமானை மூட்டை கட்டி, ஆட்டோ பிடித்து, டிராஃபிக்கில் போய் இறக்கி, மறுபடி முதல் ஷாட் வைக்க இரண்டு மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நான்கு ஷாட் காலி.

அதனால் வெட்ட வேண்டியது லொகேஷனை. உங்கள் கதை அப்பா, மகள், அவள் சொல்லும் பொய். அது முழுக்க வண்டியிலும் வீட்டிலும்தான் நடக்கிறது. போஸ்ட் ஆபீசில் என்ன நடக்கிறது என்று நீங்களே எழுதவில்லை பாருங்கள். ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைப்பதற்குள் டிகிரி கைக்கு வந்துவிடும். அபார்ட்மெண்ட் வாசலை வண்டி நிற்கும் தெருவிலேயே தேடுங்கள், மயிலாப்பூரில் அது இல்லாத தெருவா?

பறக்கும் ரயிலுக்குள் எடுக்க தெற்கு ரயில்வே அனுமதி வேண்டும், பணமும் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பாதை திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகத் தூண் மேலேயே போகிறது. பாதையை ஒட்டி ஒரு மொட்டை மாடி கிடைத்தால் போதும். முன்னால் அப்பா உட்கார்ந்திருப்பார், பின்னால் ரயில் போகும். வீட்டையும் அதே ஏரியாவில் பிடித்தால் நடந்தே ஷிஃப்ட் ஆகலாம்.

டிரோன் வேண்டாம். 2021 டிரோன் விதிகளில் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. ஏர்போர்ட் உள்ள ஊரில் இது விளையாட்டு இல்லை. விதியை விடுங்கள், சட்டைப் பையில் இருக்கிற ஒரு கடிதத்தின் கதையை வானத்திலிருந்து எடுத்து என்ன தெரியப்போகிறது?

இனி முக்கியமான ஆள், நிஜ அயர்ன்காரர். வண்டியை ஒரு நாள் வாங்கினால் அவருடைய அன்றைய வருமானம் போகிறது. வாடகை என்று பேசாமல் அன்றைய சம்பாத்தியத்தைக் கேட்டு அதைக் கொடுங்கள். துணி குறைவாக வரும் கிழமை எது என்றும் அவரையே கேளுங்கள், ஞாயிறு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கரிப் பெட்டியா கேஸ் பெட்டியா என்பதை இப்போதே தீர்மானியுங்கள். கரி என்றால் கனல் பிடிக்க நேரமாகும், சாம்பல் பறக்கும், ஆனால் திரையில் உயிரோடு இருக்கும். அப்புறம், அவரை ஷூட்டிங் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடிகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், காலரை மடக்கிப் பெட்டியைத் திருப்பும் அந்த லாகவம் ரெண்டு நாள் பழக்கத்தில் வராது. கை மட்டும் தெரியும் குளோசப்புகளில் நடிகரின் சட்டையை அயர்ன்காரருக்குப் போட்டு அவர் கையையே எடுங்கள். பார்க்கிறவர்கள் மொத்த நடிப்பையும் நம்புவது அந்த நாலு ஷாட்டால்தான்.

அடுத்தது ஒன்லைன் ஆர்டர். சீன் வாரியாக யார், என்ன காஸ்ட்யூம், என்ன பிராப்பர்ட்டி (சீனில் வரும் பொருள்), பகலா இரவா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கதை வரிசையை மறந்து இடவாரியாக அடுக்குங்கள். நவம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் நடு. தெரு சீனை சனிக்கிழமை காலையில் வையுங்கள், வீட்டு சீன்களை மழைக்கு மாற்றாகத் தயாராக வையுங்கள். மழை வந்தால் அன்றே வீட்டுக்குள் போய்விட வேண்டும், அதற்கு வீட்டுச் சாவி சனிக்கிழமையே கையில் இருக்க வேண்டும்.

கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி ஏரியா காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒரு நகல் எப்போதும் புரொடக்‌ஷன் பார்க்கிற பையன் பையில் இருக்கட்டும்.

பணத்தில் முதல் செலவு சாப்பாடு. ஆளுக்கு 300 வைத்தால் 14 பேருக்கு இரண்டு நாளில் 8,400. பத்து பேர் போதும் என்றால் 6,000. மிச்சமாகும் 2,400ஐ சவுண்டுக்குப் போடுங்கள். உங்கள் லிஸ்டில் மைக் என்ற சொல்லே இல்லை.

பூம் பிடிப்பவன்:

அண்ணன் கடைசியில் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கேமரா மைக்கை நம்பாதீர்கள். சட்டையில் குத்தும் லேபல் மைக் ஒன்று, ஒரு சின்ன ரெக்கார்டர் வாடகைக்கு எடுங்கள், முடியாவிட்டால் டப்பிங் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். டப்பிங் என்றாலும், பார்த்துப் பேச ஸ்பாட்டில் எடுக்கும் சத்தமும் (பைலட் டிராக்), படத்தையும் சத்தத்தையும் பொருத்தக் கிளாப்பும் வேண்டும்.

லொகேஷன் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஷூட் நடக்கப் போகிற அதே நேரத்தில். காலையில் அமைதியாக இருந்த தெருவில் பத்து மணிக்குப் பழைய இரும்பு வாங்குகிற வண்டியின் ஸ்பீக்கர் வரும். எதிர் டீக்கடையில் சினிமாப் பாட்டு ஓடினால் கடைக்காரரிடம் பேசி நிறுத்தச் சொல்லுங்கள். வசனத்துக்கு அடியில் பாட்டு இருந்தால் எடிட்டில் ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டு குதிக்கும், யூடியூபில் போட்டால் காப்பிரைட் வேறு.

வீட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஆஃப். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், அப்போதுதான் கிளம்பும்போது மறக்காமல் ஆன் செய்வீர்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தம், எடுங்கள். இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் படும் சத்தத்தைத் தனியாக எடுங்கள்.

கேமராமேனுக்கு ஒன்று: நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டர் 1/50 வைத்தால் டியூப்லைட் மினுங்கும் (ஃபிளிக்கர்) தொல்லை பெரும்பாலும் இருக்காது.

மந்தைவெளி வீட்டுக்காரம்மா:

மொட்டை மாடி, வீடு என்று பேச்சு வந்ததால் வீடு கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வந்து எடுத்தார்கள். ஐந்து பேர் என்றார்கள், வந்தது பதினைந்து. பதினைந்து என்றே சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன், தண்ணீர் மோட்டாராவது முன்னாடியே போட்டு வைத்திருப்பேன். சுவரில் டேப் ஒட்டி ஒயர் இழுத்தார்கள், பிரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு மறுநாள் பரீட்சை என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, சத்தம் போட்டதற்கு இன்னும் நான்தான் பதில் சொல்கிறேன்.

சாமானை நகர்த்தும் முன் அறையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்து, முடிந்ததும் அதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள் கண்ணா. என் வீட்டுக்காரர் எலக்ட்ரிகல் வேலை பார்த்தவர், அவர் சொல்லச் சொன்னது: பெரிய லைட் வாடகைக்கு எடுத்தால் ஹாலில் இருக்கிற 5 ஆம்ப் பிளக்கில் சொருக வேண்டாம். 2,000 வாட் லைட் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். ஏசி பாயிண்ட், கீஸர் பாயிண்ட் எங்கே என்று கேட்டு அதில் போடுங்கள்.

விஸ்காம் கடைசி வருஷம்:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, ஆட்கள் எண்ணிக்கையை உள்ளபடியே சொல்லித்தான் கேட்பேன். இன்று உட்கார்ந்து வெட்டினோம். தெரு, வீடு, மாடி என்று மூன்றே இடம், 41 ஷாட். கேமராமேன் கோபத்தில் இருக்கிறான். ஆனால் மெரினாவை விட மனசு வரவில்லை அண்ணா. கடைசி சீனில் அப்பா கடிதத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்க, அவர் முகத்தில் காலை வெயில் விழ வேண்டும்.

சாலிகிராமம் அசோசியேட்:

வெயில் முகத்தில் விழ வேண்டும் என்றால் கேமரா கடல் பக்கம் போய் ஊரைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது ஃபிரேமில் இருப்பது கடல் இல்லை, பீச் ரோடு. கடல் பின்னால் வேண்டும் என்றால் கேமரா கிழக்கே பார்க்கும், அங்கேதான் சூரியன் உதிக்கிறது. முகம் கறுப்பாகிவிடும், நிழலுருவம்தான் கிடைக்கும். முகமும் கடலும் சேர்ந்து வேண்டும் என்றால் மாலையில்தான் போக வேண்டும். அப்போதும் நம் ஊரில் சூரியன் மறைந்த பிறகு நல்ல வெளிச்சம் இருபது நிமிடம் சொச்சம்தான். இது போக, டிரைபாடை விரித்தால் மெரினாவில் உடனே ஆள் வந்து அனுமதி கேட்பார்கள்.

மாடியில் கிழக்குப் பார்த்த கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஏழு மணிக்கு அவரை அங்கே நிறுத்தினால் நீங்கள் கேட்கிற வெயில் முகத்தில் விழும். எதைப் பார்க்கிறார் என்று காட்ட வேண்டாம். 

இன்னொன்று, கடிதம் இருக்கும் அந்தச் சட்டை ஒன்று போதாது. ஒன்று கசங்கியது, ஒன்று தேய்த்தது, ஒன்று ஸ்பேர். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரே டிசைனில் மூன்று வாங்கி, இந்த வாரமே மூன்றையும் நாலைந்து தரம் துவைத்துப் போடுங்கள். கடைப் புதுசு கேமராவில் அப்படியே தெரியும். கடிதத்துக்கும் ஒரே கையெழுத்தில் ஆறு பிரதி எழுதி வையுங்கள். 41 ஷாட் லிஸ்டை இங்கே போடுங்கள், ஞாயிறு ராத்திரி பார்க்கிறேன்.