நான்கு மணி வெயிலும் கடற்கரைப் புழுக்கமும்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் என் மாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஆறு வயது மகனையும் ஒன்பது மாதப் பெண் குழந்தையையும் சிங்கப்பூரின் கடற்கரையோர ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு அழைத்துப் போவதென்று முடிவானபோது, "நாலு மணிக்கெல்லாம் வெயில் தாழ்ந்துடும், அப்பப் போய்ச் சேர்ற மாதிரி கிளம்புவோம்" என்று அத்தை சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கைத்தொலைபேசி 32 டிகிரி என்று காட்டியது. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைப் பார்த்துப் பழகியவர், "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்டதில் வியப்பொன்றும் இல்லை.

முதல் அரை மணி நேரம் மகன் மணலில் வாய்க்கால் வெட்டியபடி, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் ஒவ்வொன்றும் எந்த ஊருக்குப் போகும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேள்விகள் நின்றுவிட்டன. விளையாட்டில் ஆழ்ந்துவிட்டான் என்று நான் எண்ணிக்கொண்டேன். அன்று நான் செய்த பெரிய பிழை அதுதான். திரும்பிப் பார்த்தபோது மண்வாரியைக் கையில் பிடித்தபடி, தோண்டாமல், வெறுமனே உட்கார்ந்திருந்தான். காது மடல்வரை சிவந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தலை வலிக்குதும்மா, வாந்தி வருது" என்றான்.

அதே வேளையில் தள்ளுவண்டியில் குழந்தை சிணுங்கத் தொடங்கினாள். வெயில் முகத்தில் படக்கூடாதென்று அத்தை மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை வண்டியின் முகப்பில் நன்றாகப் போர்த்தி வைத்திருந்தார். துண்டை விலக்கிக் கையை உள்ளே விட்டதும், இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் சூடு கையில் அடித்தது. எவ்வளவு மெல்லிய துணியானாலும் காற்றோட்டத்தை அடைத்துவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டேதான் போகும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இப்போதெல்லாம் வண்டியின் மேல்விதானத்தை மட்டும் இறக்கிவிட்டு, முன்பக்கத்தைத் திறந்தே வைக்கிறேன்.

இருவரையும் கூரையும் காற்றோட்டமும் இருந்த இடத்துக்குத் தூக்கிச் சென்றோம். மகனின் சட்டையைக் கழற்றி, ஈரத் துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, விசிறிவிட்டு, தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் மீண்டும் கப்பலைப் பற்றிக் கேட்டான். அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உளறல், நடையில் தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டிருந்தால் அது வெறும் அயர்ச்சியாக இருந்திருக்காது. உடனே ஆம்புலன்ஸுக்கான 995 எண்ணை அழைத்துவிட்டு, உதவி வரும்வரை உடலைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தஞ்சாவூரில் இருப்பது வெக்கை. இங்கே இருப்பது புழுக்கம். நெல்லை ஆவியில் புழுக்கிப் புழுங்கல் அரிசி எடுக்கிறோமே, அதே சொல்தான் இது. வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வியர்வை வழிகிறதே ஒழிய எளிதில் காய்வதில்லை. ஆகவே வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களையும் ஒப்பிடுவது சரியாகாது.

கடிகாரமும் நம்மை ஏமாற்றுகிறது. நம்முடைய கடிகாரம் 1982ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னே ஓடுகிறது. இந்தத் தீவு இருக்கும் இடத்துக்கோ ஏறத்தாழ 7 மணி நேரம்தான் பொருந்தும். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. தஞ்சாவூரில் உச்சிப்பொழுது 12 மணியைச் சற்றுத் தாண்டியே வந்துவிடுவதால், எங்கள் நான்கு மணி அத்தைக்குத் தெரிந்த மூன்று மணியின் வெயில்தான். இதை விளக்கிச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பகல் சாப்பாட்டையும் ஒரு மணி தள்ளித்தான் போடணும்" என்றார்.

இப்போது கிளம்புமுன் மைஎன்வ் (myENV) என்ற அரசாங்கச் செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பார்த்துக்கொள்கிறேன். காற்றின் சூடு, ஈரப்பதம், காற்றோட்டம், வெயிலின் கடுமை ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. பொதுமக்களுக்கான இந்த ஆலோசனை முறை 2023 ஜூலையில் தொடங்கியது. 31க்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். அதிகம் என்று காட்டினால் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

பெரும்பாலும் காலையையே தேர்ந்தெடுக்கிறோம். பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் 8 மணிக்குத் திறக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. திறக்கும் நேரத்தில் உள்ளே போய்விட்டுப் பத்து மணிக்குள் வெளியேறிவிடுகிறோம். மாலை என்றால் மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரைக்குப் பட்டத்தோடு செல்கிறோம், அதுவும் ஐந்தரை மணிக்குப் பிறகுதான். இடி கேட்டால் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு உடனே கட்டடத்துக்குள் வந்துவிடுகிறோம், மரத்தடியில் ஒதுங்குவதில்லை. பையில் தண்ணீரோடு, அத்தை உப்புப் போட்டுக் கலக்கிய நீர்மோரும் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தவை, சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் சுமத்ரா காற்றுமழை விடியலில் அடித்து ஓய்ந்த காலைகள். சென்ற சனிக்கிழமை அப்படியொரு மழைக்குப் பின் ஒன்பது மணிக்குக்கூடத் தரை குளிர்ந்தே இருந்தது. மகன் நடைபாதையில் தேங்கிய நீரில் ஒவ்வொரு குட்டையாகக் குதித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முன்னால் போனான்.