திருவண்ணாமலை கோயில்ல உள்ள போகப் போக கோபுரம் ஏன் சின்னதாகுது?

ஊத்தங்கரை ரோடு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பௌர்ணமி ஆனா எங்க ஊர்ல இருந்து சிங்காரப்பேட்டை, செங்கம் வழியா திருவண்ணாமலை போற பஸ்ல நிக்கக்கூட இடம் இருக்காது, நாங்களும் கிரிவலம் முடிச்சு சாமி பாத்துட்டு வந்துருவோம். ரொம்ப நாளா ஒரு சந்தேகம். கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. அதைத் தாண்டினா வல்லாள மகாராஜா கோபுரம், அது அதைவிட சின்னது. அப்புறம் கிளி கோபுரம், இன்னும் சின்னது. கடைசியில அண்ணாமலையார் கருவறை மேல இருக்கிற விமானம் ரோட்ல இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியல. சாமி இருக்கிற இடம்தானே பெருசா இருக்கணும், வாசலுக்கு எதுக்கு இவ்ளோ உயரம்? வீட்டுப் பசங்க கேக்குதுங்க, எனக்கு சொல்லத் தெரியல.

பழையபேட்டை:
நல்ல கேள்வி தம்பி. ஒரே ராஜா ஒரே பிளான்ல கட்டினதுன்னு நினைச்சா இது புரியவே புரியாது, உள்ள இருந்து வெளிய வளர்ந்த கோயில் அது. கிளி கோபுரம் சோழர் காலம். அடுத்தது 14ம் நூற்றாண்டு ஹொய்சள ராஜா மூணாம் வீர வல்லாளன் பேர்ல இருக்கு, அவர் திருவண்ணாமலையையே தலைநகரா வெச்சு இருந்தவர். வெளி ராஜகோபுரம் 16ம் நூற்றாண்டு, கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சு தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடிச்சது. ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கை குளம் ரெண்டும் ராயர் செஞ்சதுதான். பின்னாடி வந்த ராஜாவுக்கு எவ்ளோ பணம் இருந்தாலும் மூலவரை அசைக்க மனசு வராதுல்ல, அதனால சுத்தி ஒரு மதில், மதிலுக்கு ஒரு வாசல், வாசல் மேல ஒரு கோபுரம்னு போட்டாங்க, அடுத்தவர் அதுக்கும் வெளிய போட்டார், வெளிய போகப் போக மதிலும் நீளம், கோபுரமும் உயரம்.

இதுல நம்ம மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு, யாரும் பேசறதே இல்ல. கிருஷ்ணகிரி பக்கம் குந்தாணியை தலைநகரா வெச்சு ஆண்ட ஹொய்சள ராமநாதனும் வல்லாளனோட அப்பா நரசிம்மனும் ஒரு அப்பாவுக்கு ரெண்டு தாய்ப் பிள்ளைங்க.

அரூர்க்காரி:
அண்ணன் சொன்னது திருவண்ணாமலைக்கு சரி, ஆனா எல்லா ஊர்லயும் அப்படி இல்லைங்க. தஞ்சை பெரிய கோயில் விமானம் 216 அடி, கேரளாந்தகன் வாசலும் ராஜராஜன் வாசலும் அதைவிட ரொம்பத் தாழ்வு. ராஜராஜன் ஒரே ஆளா நினைச்சு 1010ல முடிச்ச கோயில், உயரம் எல்லாத்தையும் சாமி தலைக்கு மேலயே வெச்சார். 12, 13ம் நூற்றாண்டுல இருந்துதான் வாசல் கோபுரம் விமானத்தைத் தாண்டுது. அம்மனுக்கு தனி சன்னதி, கல்யாண மண்டபம், தேர்த் திருவிழான்னு ஒவ்வொண்ணா கூடிச்சு, ஜனமும் கூடிச்சு, இடம் வேணும்ல. உள்ள வர முடியாதவங்களும் தூரத்துல இருந்தே கும்பிடறது கோபுரத்தைத்தானே, அந்த உயரம் அவங்களுக்கும் சேத்துதான்னு நான் நம்பறேன்.

காவேரிப்பட்டினம் மேஸ்திரி:
கட்டட வேலை பாக்கறவன் கண்ணுல ஒண்ணு சொல்றேன். ராஜகோபுரத்துல அடிப்பக்கம் மட்டும்தான் கருங்கல், அதுக்கு மேல செங்கல், சுண்ணாம்பு, சுதை வேலை. 217 அடிக்கும் கல்லே வெச்சா எடை எங்க போகும்? ஒவ்வொரு நிலையும் கொஞ்சம் உள்ள தள்ளி குறுகிட்டே போகும், அதான் நிக்குது. அடுத்த தடவ வாசலைத் தாண்டி ஓடாம ரெண்டு பக்கச் சுவரையும் பாருங்க, கட்டம் கட்டமா ஒண்ணு மேல ஒண்ணா நாட்டியக் கரணச் சிற்பம் இருக்கும், முட்டியை மடக்கி, கையை வீசி, ஒவ்வொண்ணும் வேற வேற நிலை. ஜனம் அதை உரசிக்கிட்டே போகுது, யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, பாக்க வயிறு எரியும்.

தகடூர் வாசி:
பசங்களை முதல்ல தர்மபுரி கோட்டை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. மல்லிகார்ஜுனரும் காமாட்சி அம்மனும் பக்கத்து பக்கத்துல இருக்காங்க. சின்ன கோயில், அதனால கருவறை எது, முன் மண்டபம் எதுன்னு ஒரே பார்வையில பிடிபடும். அங்க தொங்கும் தூண் இருக்குல்ல, அடிப்பக்கம் தரையைத் தொடாம நிக்கும், இடுக்குல பேப்பர் விட்டு அந்தப் பக்கம் எடுக்கலாம், பசங்க அதை விட்டு நகராதுங்க. சின்ன கோயிலைப் புரிஞ்சுக்கிட்டா பெரிய கோயிலும் அதே எலும்புதான், சுத்தி சுத்தி வளர்ந்திருக்கு, அவ்ளோதான்.

ஊத்தங்கரை ரோடு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்ப அடுத்த பௌர்ணமிக்கே பசங்களைக் கூட்டிட்டுப் போயி காட்டிடறேன்.

பழையபேட்டை:
பௌர்ணமி வேணாம் தம்பி, அந்தக் கூட்டத்துல நிக்க விடமாட்டாங்க, தள்ளிட்டே போகும். சாதாரண நாள்ல காலையிலயே போயிருங்க, மத்தியானம் நடை சாத்திருவாங்க. போகும்போது நேரா சாமி பாத்துருங்க, திரும்பி வரும்போது கிளி கோபுரம், வல்லாள கோபுரம், ராஜகோபுரம்னு ஒவ்வொண்ணா நின்னு காட்டுங்க. கட்டினதும் அந்த வரிசைதான்.