கொறங்காட்டுக்கு ஒரு பதிவேடு எழுதணும், கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்குத் தாராபுரத்துல இருந்து மூலனூர் போற வழியில ஊர். சுத்தியும் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம்: கொழுக்கட்டைப் புல்லு, அங்கொண்ணு இங்கொண்ணா வெள்வேலம், நாலு பக்கமும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு மேயற காடுன்னு எல்லாருக்கும் தெரியும். கௌதாரி முட்டை வெக்கறதும், முயல் ஒண்டறதும், கீரி பதுங்கறதும் அந்த வேலியடியிலதான்னு யாரும் பேசறதில்ல.

இப்ப வேலியப் பொக்லைன் விட்டுப் பேத்துட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கறாங்க. குத்தம் சொல்ல முடியாதுங்க, வேலி கட்ட ஆள் கிடைக்கறதில்ல. எங்க அப்பாரே ஒரு பக்கம் எடுத்துட்டாரு. எல்லாம் பட்டா நிலம். காட்டுக்காரங்க மனசு வெச்சாத்தான் உண்டு.

2002ஆம் வருசத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிக்கு ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊர்ல இருக்கற செடி கொடி, உசுருகளை எல்லாம் எழுதி வெக்கற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கோணும். எங்க ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தேன். கௌதாரி இல்ல, யானை இருக்குது! எந்த மலையோரத்து ஊரைப் பார்த்து எழுதினாங்களோ.

அதைத் திருத்தி எழுதி ஜனவரி 26 கிராம சபையில வெக்கலாம்னு பத்துப் பேர் சேர்ந்திருக்கோம். பறவை எங்களுக்கே தெரியும். புல்லு பூண்டு பேர் சொல்லத் தெரிஞ்சவங்க ஐப்பசி மழைக்கு அப்பறம் ரெண்டு நாள் வர முடியுங்களா? சாப்பாடும் திண்ணையும் நம்ம பொறுப்பு. உருப்படியா எழுதி முடிச்ச ஊராட்சி ஏதாச்சும் தெரிஞ்சாலும் சொல்லுங்க. அப்பறம் வேலிக்கு நடற கிளுவைப் போத்து (வெட்டின கிளை) ஒரு வண்டி வேணும். அப்பாரு அந்தப் பக்கத்தைத் திரும்ப நடச் சம்மதிச்சுட்டாரு.