அறிக்கையின் கீழே யாருடைய கையெழுத்து? ஆய்வக நுட்புநர்களின் அனுபவப் பகிர்வு

கடையநல்லூர்க்காரி எழுதியது:

பதிவு, உரிமம், கையெழுத்து ஆகியவை தொடர்பாக ஆய்வகங்களில் பணிபுரியும் நமக்கு நேர்ந்தவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று பலர் கேட்டதால் நானே தொடங்குகிறேன். நான் 2001ஆம் ஆண்டில், டி.எம்.எல்.டி (மருத்துவ ஆய்வக நுட்ப டிப்ளமோ) முடித்த கையோடு, ஒரு சிற்றூரின் தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதல் நாளே உரிமையாளர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு லெட்டர் பேடைக் காட்டினார். ஒவ்வொரு தாளின் அடியிலும் பச்சை மையில் ஒரு மருத்துவரின் கையெழுத்து முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. "மேலே வேல்யூவை எழுதிக் கொடுத்தால் போதும்மா, மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார். அந்த மருத்துவரை நான்கு ஆண்டுகளில் இரண்டு முறைதான் பார்த்தேன். அது தவறு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அப்போது எனக்கும் தோன்றவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பச்சைக் கையெழுத்தின் பொருள் எனக்குப் புரிந்தது 2012இல்தான். அந்த ஆண்டு எங்கள் பகுதியில் டெங்கு எப்படிப் பரவியது என்பது அங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. அப்போது நான் வேறோர் ஆய்வகத்திற்கு மாறியிருந்தேன். அங்கும் அதே ஏற்பாடுதான். ஒரு மாலையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்றின் இரத்தத்தைக் கருவியில் வைத்தபோது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 22,000 என்று ஆபத்தான அளவுக்குக் குறைவாக வந்தது. மருத்துவமனையில் குழந்தையைத் திருநெல்வேலிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால், இரத்தம் எடுக்க நான் போயிருந்தபோது அந்தக் குழந்தை கட்டிலில் உட்கார்ந்து தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது. தட்டணுக்கள் குறைந்தால் தோன்றும் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட உடம்பில் இல்லை. மனம் ஒப்பாமல் ஸ்மியர் போட்டு (கண்ணாடித் துண்டில் இரத்தத்தை மெல்லப் பூசி), சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். பூச்சின் வால் பகுதியில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் சேர்த்திருக்கும் ஈ.டி.டி.ஏ என்ற வேதிப்பொருள் சிலருடைய இரத்தத்தில் இப்படிச் செய்துவிடும். கருவிக்கு அந்தக் கொத்துகளைத் தட்டணுக்களாக எண்ணத் தெரியாது. நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி இரத்தம் எடுத்து ஓட்டினேன். 1,46,000 வந்தது. குழாயில் உள்ள திரவத்தின் அளவை ஈடுசெய்ய 1.1ஆல் பெருக்கினால் 1,60,000க்குச் சற்று மேல். பயப்பட வேண்டிய அளவே அல்ல. குழந்தைநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "தட்டணுக்கள் கொத்தாக உள்ளன, கருவியின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம்" என்று நான் அந்தத் தாளில் எழுதியிருந்தால், கையெழுத்தின்படி அது எங்கோ இருக்கும் ஒரு மருத்துவரின் கருத்தாகியிருக்கும். நான் பார்த்தது தவறாக இருந்து குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? கையெழுத்துக்கு உரியவருக்கு அந்தக் குழந்தையைப் பற்றி எதுவும் தெரியாது. வேலையைச் செய்த எனக்கோ, மருத்துவர்களுக்கு இருப்பதுபோன்ற எந்தத் தொழில் மன்றத்திலும் (கவுன்சிலிலும்) பதிவு இல்லை, எண் இல்லை. நுட்புநர் என்ற முறையில் என்னை அழைத்து விசாரிக்க அப்போது ஒரு மன்றம்கூட இருக்கவில்லை.

2017 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைப் பற்றி நம்மில் பலருக்கு இன்னமும் கோபம் உண்டு. வடக்கு குஜராத்தில் சொந்தமாக ஆய்வகம் நடத்திய நுட்புநர்களுக்கும் அப்பகுதி நோயியல் மருத்துவர்களின் சங்கத்திற்கும் இடையே நடந்த வழக்கு அது. நோயியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்தான் ஆய்வக அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்று அதில் தீர்ப்பாயிற்று. என்னுடன் படித்தவர்கள் பயந்து போனார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பின் அடிப்படை நியாயமாகவே பட்டது. எலும்பு மச்சையையோ கட்டியின் திசுவையோ பார்த்து இன்ன நோய் என்று சொல்வதற்கு மருத்துவப் படிப்பு வேண்டும். ஆனால் சர்க்கரை அளவையும் ஹீமோகுளோபினையும் அன்றாடம் பார்க்கும் ஆயிரக்கணக்கான சிற்றூர் ஆய்வகங்களுக்கு அத்தனை நோயியல் மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஒரே மருத்துவரின் பெயர் பல ஊர்ப் பலகைகளில் தொங்கியதுதான் நான் கண்ட விளைவு. பச்சை மை போய், கணினியில் சேமித்து வைத்த கையெழுத்துப் படம் வந்தது. பொத்தானை அழுத்துவது மட்டும் பழையபடி நான்தான்.

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1997ஆம் ஆண்டினது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. அதன் பிறகு மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். இடத்தின் அளவு, கழிவு அகற்றும் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம், ஊழியர்களின் சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அந்த அலுவலர் என் டிப்ளமோவைக் கையில் வாங்கி இரு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா?" என்று கேட்டார். பதினேழு ஆண்டுப் பணியில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். இல்லை என்றேன். "பதிவு செய்ய இடமே இல்லையே அம்மா, நானும் என்ன எழுதுவது" என்று சொல்லி அடுத்த தாளுக்குப் போனார்.

துபாயிலிருந்து ஒரு பரமக்குடிக்காரர் எழுதியது:

அக்கா, அந்தக் கேள்வியை என்னிடம் இங்கே வந்த பிறகு கேட்டார்கள். துபாயில் நுட்புநராக வேலை பார்க்க வேண்டுமென்றால் துபாய் சுகாதார ஆணையத்தின் உரிமம் வேண்டும். படித்த கல்லூரி, வேலை பார்த்த மருத்துவமனை ஆகியவற்றின் சான்றுகளை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாக மூல இடத்திலேயே சரிபார்ப்பார்கள். பிறகு கணினியில் தேர்வு எழுத வேண்டும். சான்றுகளுக்கோ தேர்வுக்கோ நான் அஞ்சவில்லை. "உங்கள் நாட்டில் உங்களைப் பதிவு செய்த மன்றத்திடமிருந்து நன்னடத்தைச் சான்று" என்ற வரியில்தான் என் விண்ணப்பம் நின்றுபோனது. என்னுடன் விண்ணப்பித்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணிடம் அவருடைய அரசு கொடுத்த உரிம அட்டை இருந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே வாரியத் தேர்வு எழுதித் தேறியவர்தான் மருத்துவத் தொழில்நுட்பராகப் பணிபுரியலாம் என்று அவர் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்பே அவர்களுக்கு அந்தச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு மன்றமே இல்லை என்பதற்கு நான் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. இல்லாத ஒன்று இல்லை என்று எழுதிக் கொடுக்க எந்த அலுவலகம் முன்வரும்? என் தந்தையார் நான்கு முறை சென்னைக்குப் பேருந்தில் போய் வந்தார். கடைசியில் பழைய மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஒருவர் இரங்கிக் கொடுத்த கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. முதலில் கிடைத்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

இங்கே என் உரிமத்தைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வி வகுப்புகளில் கலந்துகொண்ட புள்ளிகளைக் காட்ட வேண்டும். இதைச் சுமை என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் பத்தாண்டுகள் வேலை பார்த்தபோது புதிதாக எதையாவது படித்தாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

எங்கள் நாட்டில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். படிப்பு முடிந்தவுடன் அந்தப் பதிவு இலக்கத்துக்காக நாங்கள் காத்திருப்பது வழமை. ஆகையால் மேலே உள்ளவற்றை வாசிக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் செய்த சோதனையின் பெறுபேற்றின் கீழே நான் ஒப்பமிட்டு வந்திருக்கிறேன். ஒருமுறை குருதி வகை பார்த்ததில் ஒரு பிழை நேர்ந்தது. இரண்டு குழாய்களின் சுட்டிகள் (லேபிள்கள்) மாறிவிட்டன. குருதி ஏற்றுவதற்கு முன் மறுசோதனையில் அகப்பட்டதால் ஆபத்து எதுவும் நேரவில்லை. விசாரணையில் என் ஒப்பத்தைக் காட்டி என்னிடமே கேட்டார்கள். மிகவும் கடினமான ஒரு வாரம் அது. ஆனால் என் பக்கத்து விளக்கத்தையும் கேட்டார்கள்: இரவுப் பணியில் ஒருவர் மட்டுமே இருந்தார், சுட்டி அச்சிடும் இயந்திரம் பழுதாகி இருந்தது என்பவை எழுத்தில் பதிவாயின, பிறகு இயந்திரமும் மாற்றப்பட்டது. ஒப்பம் வேறொருவருடையதாக இருந்திருந்தால் அந்த இயந்திரத்தைப் பற்றி யார் பேசியிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

தனியார் ஆய்வுகூடங்கள், தனியார் மருத்துவ நிறுவனங்களின் பதிவுக்கான 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியே பதிவு செய்யப்பட வேண்டும். நிறுவனத்தின் பதிவு வேறு, ஆளின் பதிவு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கி யோசிக்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

ஈரோட்டுக்காரர் எழுதியது:

கையெழுத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நுட்புநரின் வாயைப் பற்றியும் ஒரு சட்டம் உண்டு என்பதற்காக இதை எழுதுகிறேன். 2019இல், எங்கள் ஆய்வகத்திற்கு அடிக்கடி சர்க்கரை பார்க்க வரும் பெரியவர் ஒருவர், நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தார். தம் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "தம்பி, அவன் இங்கேதான் இரத்தம் கொடுத்தானாம். எச்.ஐ.வி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லிவிடு, என் மகளும் உனக்குத் தங்கைதான்" என்றார். கண்ணில் நீர் நின்றது. எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். அந்த இளைஞர் எங்களிடம் வந்தாரா என்பதையே நான் சொல்லவில்லை. வந்தார் என்று சொல்வதுகூட ஒரு தகவல்தான்.

எச்.ஐ.வி தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. முடிவை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடவும் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் எல்லாவற்றோடும் சேர்த்து "எச்.ஐ.வி" என்று சீட்டில் எழுதி அனுப்பும்போது நோயாளிக்கு அது தெரியுமா என்று கேட்கும் பழக்கத்தை அதன் பிறகுதான் நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறேன். அந்தப் பெரியவரிடம், இருவருமாக அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்திற்குப் போய் மனமுவந்து பரிசோதித்துக்கொள்ளலாம், அங்கே ஆலோசகர் இருக்கிறார், கட்டணம் இல்லை என்று சொல்லி, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டுதான் போனார். மூன்று மாதம் கழித்துத் திருமண அழைப்பிதழோடு வந்தார். மாப்பிள்ளையின் பெயரைப் படித்தேன், எதுவும் கேட்கவில்லை.

கடையநல்லூர்க்காரி மீண்டும் எழுதியது:

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதிவு என்றாலே தண்டிப்பதற்கான கயிறு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவருக்கோ அது பேசுவதற்கான இடமாகவும் இருந்திருக்கிறது.

நம் நாட்டில் அதற்கான சட்டம் 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் அட்டவணையில் வரும் பத்துப் பிரிவுகளில் முதலாவதாக மருத்துவ ஆய்வகமும் உயிர் அறிவியலும் இடம்பெற்றிருப்பதைப் படித்தபோது நான் சற்று நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. டிப்ளமோ அல்லது பட்டம், குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு என்று அது தகுதியை வரையறுக்கிறது. சுகாதாரத் தொழில்முறையினர் என்ற அடுத்த நிலைக்குப் பட்டமும் 3,600 மணி நேரமும் வேண்டும். மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் இல்லாமல் பணிபுரிந்தால் 50,000 ரூபாய் அபராதம். மாடி அறையில் இரண்டு நுண்ணோக்கிகளை வைத்துக்கொண்டு, மருத்துவமனை வாசலையே மிதிக்காத பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் "டிப்ளமோ" கொடுக்கும் இடங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. என் அக்காள் மகள் அப்படி ஓர் இடத்தில் 40,000 ரூபாய் கட்டி ஏமாந்தாள். இந்த மணிக்கணக்கு அன்றே சட்டமாக இருந்திருந்தால் அவளுக்கு ஓராண்டு வீணாகியிருக்காது.

சட்டம் வந்த பிறகும் மாநிலங்கள் மன்றங்களை அமைப்பதில் காலம் தாழ்த்தின. நுட்புநர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2024 ஆகஸ்டில், இரண்டு மாதங்களுக்குள் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. இருந்தாலும், அறிக்கையில் கையெழுத்திடுவது யார் என்ற பழைய கேள்வியை இந்தச் சட்டம் தீர்த்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மத்திய அரசு தன் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ் 2020 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தியபோது, உரிய பாடத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற அறிவியலாளர்கள், கருத்தோ விளக்கமோ எழுதாமல், தங்கள் பிரிவு அறிக்கையில் கையெழுத்திட வழி செய்தது. தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அது இங்கே தானாகப் பொருந்திவிடாது. எனக்கு வேண்டியது அதைவிடச் சிறியது. மருத்துவரின் கையெழுத்து இருக்கட்டும். அதற்கு மேலே "பரிசோதித்தவர்" என்று ஒரு வரியும் அதில் என் பெயரும் பதிவு எண்ணும் இருந்தால் போதும்.

சட்டத்திற்கு முன்பே பணியில் இருந்தவர்களையும் பதிவு செய்துகொள்ள அதில் வழி வைத்திருக்கிறார்கள். எனவே டிப்ளமோ, மதிப்பெண் பட்டியல், பழைய பணிச் சான்றுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த ஆய்வகம் மூடப்பட்டுவிட்டது. உரிமையாளரும் இப்போது இல்லை. அந்த நான்கு ஆண்டுகளுக்கு என்னிடம் இருப்பது என் கையெழுத்தில் எழுதிய ஒரு பணிக் குறிப்பேடு மட்டுமே. மூடிப்போன இடத்தில் பெற்ற அனுபவத்தை நிரூபிக்க வேண்டி வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என்ன தாள்களைக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.