ரூட் 66-இல் தனியாக: அரிசோனாவில் சந்தித்தவர்கள்
ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற பழைய நெடுஞ்சாலையான ரூட் 66-இல் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகப் போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை 2,400 மைலையும் ஒரே மூச்சில் ஓட்டித் தீர்க்கப் பார்க்காதீர்கள். நான் அரிசோனாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஹோல்புரூக்கிலிருந்து ஓட்மேன் வரை நிதானமாகப் போனேன், அதனால்தான் வழியில் நாலு பேரிடம் உட்கார்ந்து பேச முடிந்தது.

ஹோல்புரூக்கில் இருக்கும் விக்வாம் மோட்டலை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1950-இல் கட்டியது. கூடார வடிவத்தில் சிமெண்ட் அறைகள், வாசலில் பழைய கார்கள். அந்த வட்டாரத்துப் பழங்குடி மக்கள் யாரும் அப்படிப்பட்ட கூடாரத்தில் வாழ்ந்ததில்லை, போகிற வண்டியை நிறுத்த வைக்கப் போட்ட வேடம்தான் அது. ஆனாலும் அறை சுத்தமாக இருந்தது, எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து நான் தங்கிய சின்ன மோட்டலை நடத்துபவர் ஒரு குஜராத்தி அம்மா. அமெரிக்காவில் மோட்டல் வைத்திருப்பவர்களில் இந்திய வம்சாவளியினர் எவ்வளவு அதிகம் என்பது இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். புது நெடுஞ்சாலை ஐ-40 வந்து பழைய ரோட்டில் வியாபாரம் படுத்துப் போயிருந்த சமயத்தில், விலை குறைவாகக் கிடைத்ததால் அவருடைய வீட்டுக்காரர் இதை வாங்கினாராம். நான் மதுரைக்காரி என்றதும் இஞ்சி டீயும் காக்ரா என்ற மொறுமொறு ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தனியாகவா வந்தாய், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். அப்புறம் ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதிக் கையில் திணித்து, அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணு என்றார். பண்ணினேன்.

செலிக்மேனுக்குக் கண்டிப்பாகப் போங்கள். 1978 செப்டம்பர் 22-ஆம் தேதி ஐ-40 அந்த ஊரை ஒதுக்கிவிட்டுத் திறக்கப்பட்டது, அன்றோடு ஊருக்குள் வண்டி வருவதே நின்றுபோனது. 1985-இல் ரூட் 66 என்ற எண்ணையே அரசாங்கம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடில்லோ சும்மா இருக்கவில்லை, 1987-இல் ஊர்க்காரர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்து, மாநில அரசிடம் மன்றாடி அந்தச் சாலைக்கு ‘வரலாற்றுச் சாலை’ என்ற அங்கீகாரம் வாங்கினார். இன்று நாம் பார்க்கிற பலகைகள், கடைகள், வெளிநாட்டுப் பஸ்கள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு முடிதிருத்துபவர் தொடங்கி வைத்தார் என்பதை அந்தக் கடை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கிருந்து பீச் ஸ்பிரிங்ஸ் தாண்டி ஹாக்பெரியில் ஒரு பழைய கடை இருக்கிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினப் பெண்மணியோடு பேச்சு நீண்டது, ஓய்வுபெற்ற டீச்சர், அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். அவருடைய தாத்தா இந்த ரோட்டில் போகும்போது ‘கிரீன் புக்’ இல்லாமல் கிளம்பவே மாட்டாராம். விக்டர் கிரீன் என்பவர் 1936-இல் வெளியிடத் தொடங்கிய கையேடு அது, கறுப்பின மக்களைப் பல இடங்களில் உள்ளே விடாத அந்தக் காலத்தில் அவர்களுக்கு எங்கே அறை கிடைக்கும், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்ற பட்டியல். நியான் விளக்கையும் மில்க் ஷேக்கையும் மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதே இல்லை. தாத்தா நிறுத்த முடியாத ஊர்களில் எல்லாம் நான் நிறுத்தி நிறுத்திப் போகிறேன் என்றார்.

ஓட்மேனுக்கு ஏறும் சிட்கிரீவ்ஸ் கணவாய் ரோடு குறுகல், நிறைய கொண்டை ஊசி வளைவுகள், பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. பகலில் மட்டும் போங்கள். ஊருக்குள் கழுதைகள் நடுரோட்டில் நிற்கும், அந்தக் காலத்துத் தங்கச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள். குட்டிகளுக்கு எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, மேப் ஆப் உங்களைத் திரும்பத் திரும்ப ஐ-40-க்கே இழுக்கும். எந்த எக்ஸிட்டில் இறங்க வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செலிக்மேனைத் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், டேங்க்கைச் செலிக்மேனிலேயே நிரப்பிவிடுங்கள். அடுத்து நியூ மெக்சிகோ பக்கம் போகலாம் என்றிருக்கிறேன், அங்குள்ள டுகும்காரி என்ற ஊரில் தனியாகத் தங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.