நம்ம சுங்குடிக் கடை: குடும்பக் குழு
ஜூலை 14, இரவு

கார்த்தி (8:42): எல்லாரும் இருக்கீங்களா? தளத்தில் ஆடித் தள்ளுபடிக்குத் தனிப் பிரிவு போட்டுவிட்டேன். 17ஆம் தேதி ஆடி 1, அன்று காலை திறக்க வேண்டும். பணம் செலுத்துவது டெஸ்ட் மோடில்தான் இருக்கிறது, யார் கணக்கிலும் பணம் போகாது. ஆளுக்கு ஒரு சேலை வாங்கிப் பாருங்கள்.

திவ்யா (8:51): அண்ணா, மயில் கழுத்துச் சேலை பிரிவில் 1,160 காட்டுகிறது. கூடையில் போட்டால் 1,218. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன்.

கார்த்தி (8:53): 58 ரூபாய் கூடுதல். அது 5% ஜிஎஸ்டி. 1,450இல் 20% போக 1,160, அதிலேயே வரி அடக்கம். புதுப் பிரிவில் மறுபடியும் ஏறுகிறது. சரி செய்கிறேன்.

பெரியப்பா (8:55): முதலில் இதைப் பார் தம்பி. கடையில் ஒரு விலை சொல்லிவிட்டு, பில் போடும்போது 58 ரூபாய் கூட்டிக் கேட்டால் சேலையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போகட்டும், மறுபடி நம் படி ஏறுவார்களா?

அத்தை (9:04): எனக்கு மேலே "இன்னும் 10 நிமிடம் மட்டுமே" என்று ஓடுகிறது. பயந்து அவசர அவசரமாக அரக்கு நிறச் சேலை எடுத்தேன். மூடித் திறந்தால் திரும்பவும் 10 நிமிடம்!

கார்த்தி (9:05): அது டெம்ப்ளேட்டோடு வந்தது அத்தை.

மாமா (9:09): அதை எடுத்துவிடு மாப்பிள்ளை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் டார்க் பேட்டர்ன், அதாவது வாங்குபவரை ஏமாற்றும் தள வடிவமைப்பு பற்றி வழிகாட்டுதல் போட்டது. மொத்தம் 13 வகை, பொய்யான அவசரம்தான் பட்டியலில் முதலாவது. கேட்காமல் கூடையில் பொருளைச் சேர்ப்பது, கடைசிப் படியில் புதுக் கட்டணத்தைக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. கேஷ் ஆன் டெலிவரிக்கு 40 ரூபாய் என்று கடைசியில்தானே வருகிறது? அதையும் சேலைப் பக்கத்திலேயே எழுது.

பெரியப்பா (9:12): இன்னொன்று. மெழுகு அச்சுச் சேலையில் 1,800ஐ அடித்துவிட்டு 1,300 என்று இருக்கிறது. அதை நாம் 1,800க்கு என்றைக்கு விற்றோம்? ஆனியில் கடையில் என்ன விலையோ, அடித்துக் காட்டுவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கார்த்தி (9:14): மாதிரிக்குப் போட்டது பெரியப்பா, மறந்துவிட்டேன். மாற்றுகிறேன்.

திவ்யா (9:20): 'புதுவரவு' கூப்பனும் தள்ளுபடிக்கு மேலே வேலை செய்கிறது. 1,160 போய் 1,044 ஆகிவிட்டது.

பெரியப்பா (9:22): கட்டாதும்மா. முடிச்சுப் போடும் அக்காக்களின் கூலியில் நான் கை வைக்க மாட்டேன். ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் முடிச்சு!

கார்த்தி (9:23): இந்தப் பிரிவுக்குக் கூப்பன் செல்லாது என்று மேலேயே எழுதிவிடுகிறேன்.

அத்தை (9:31): அந்த அரக்கில் முந்தானை ஓரம் சாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால்தானே விலை குறைவு? படத்தில் தெரியவில்லையே. அந்த இடத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் கிட்டப் பிடித்து ஒரு படம் போடு. முதல் அலசல் உப்புத் தண்ணீரில் என்பதையும் சேர்த்துவிடு சாமி.

கார்த்தி (9:33): நாளைக் காலை எடுத்துப் போடுகிறேன் அத்தை.

கார்த்தி (10:16): எல்லாம் மாற்றியாச்சு. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

திவ்யா (10:21): பிரிவில் 1,160. கூடையில் 1,160. பணம் கட்டும் இடத்திலும் 1,160.

பெரியப்பா (10:24): மயில் கழுத்து அலமாரியில் 6 இருக்கிறது, இப்போதுதான் எண்ணினேன். தளத்தில் 2 என்கிறதே?

கார்த்தி (10:26): சோதனைக்குப் போட்ட 4 ஆர்டரும் இருப்பில் கழிந்திருக்கிறது. ரத்து செய்து திருப்பி ஏற்றுகிறேன்.

கார்த்தி (10:31): இப்போது?

பெரியப்பா (10:32): 6.